விழுந்த ஆட்டுக்கு ஒரு விதி எழுதுங்கள்: மூன்று அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூர் உணவு அமைப்பின் அதிகாரிகளுக்கும், தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்குநல மருத்துவச் சேவையைச் சேர்ந்த மருத்துவர்களுக்கும், முயிஸ் என்று நாம் அனைவரும் சுருக்கமாகச் சொல்லும் இஸ்லாமிய சமய மன்றத்தின் பெரியோர்களுக்கும் என் வணக்கமும் ஸலாமும் உரித்தாகுக.

நான் பத்தொன்பது ஹஜ்ஜுப் பெருநாள்களில் பள்ளிவாசலின் குர்பானிப் பணியில், அதாவது பெருநாளுக்கு ஆடு அறுத்து இறைச்சியைப் பகிரும் பணியில், தொண்டூழியராக நின்றவன். கத்தி பிடித்தவன் அல்லன். ஆட்டை லாரியிலிருந்து இறக்குவதும், காதில் மாட்டிய வில்லையின் எண்ணைப் பதிவேட்டோடு ஒத்துப்பார்ப்பதும், பட்டியில் தண்ணீர் குறையாமல் கவனிப்பதும், முறை வரும்போது பிடித்துக் கொடுப்பதுமே என் வேலை. உங்கள் மூவருக்கும் ஒரே மடலாக எழுதக் காரணம் உண்டு. கால் ஒடிந்து கிடக்கும் ஓர் ஆட்டின் விவகாரம் உங்கள் மூன்று மேசைகளிலும் மூன்றில் ஒரு பங்காகப் பிரிந்து கிடக்கிறது. அதன் இறைச்சியை உண்ணலாமா என்பது முதலாமவரின் கேள்வி. அதன் வலியை யார், எப்போது, எப்படி முடிப்பது என்பது இரண்டாமவரின் கேள்வி. அது ஹலாலா, குர்பானியாகக் கூடுமா என்பது மூன்றாமவரின் கேள்வி. தரையில் கிடக்கும் ஆட்டின் முன்னால் நிற்பவனுக்கோ மூன்றும் ஒரே நொடியில் எழுகின்றன.

பெருந்தொற்றுக்குச் சில ஆண்டுகள் முன்பு ஒரு பெருநாள் காலையில் நடந்ததைச் சொல்கிறேன். பஜ்ர் தொழுகை முடிந்து வெளிச்சம் வரத் தொடங்கிய நேரம். லாரியிலிருந்து செம்மறிகளை இறக்கிக்கொண்டிருந்தபோது, சாய்பலகைக்கும் லாரியின் தளத்துக்கும் இடையே இருந்த இடுக்கில் ஓர் ஆட்டின் பின்னங்கால் சிக்கியது. பின்னால் வந்த ஆடுகள் அதை முன்னே தள்ளின. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. தோலைக் கிழித்துக்கொண்டு எலும்பின் முனை வெளியே தெரிந்தது. இரண்டு பேர் அதைத் தூக்கிச் சென்று தூணோரம் நிழலில் கிடத்தினோம்.

அதற்குப் பிறகு சுமார் இரண்டரை மணி நேரம் அந்த ஆடு அங்கேயே கிடந்தது. யாருக்கும் இரக்கம் இல்லாமல் போகவில்லை. எல்லோருக்கும் ஏதோ ஒரு விதி தெரிந்திருந்ததும், முழு விதி ஒருவருக்கும் தெரியாமல் போனதுமே காரணம். பெருநாள் தொழுகைக்கு முன் அறுத்தால் அது குர்பானி ஆகாது, வெறும் இறைச்சிதான் என்பதை மார்க்கம் அறிந்த ஒருவர் சொன்னார். அவர் சொன்னது சரி. மருத்துவர் வந்து பார்க்கும் முன் எதையும் அறுக்கக் கூடாது என்றார் இன்னொருவர். அவர் சொன்னதும் சரி. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒவ்வொரு தலைக்கும் கணக்குக் காட்ட வேண்டும், கணக்கு இடறினால் அடுத்த ஆண்டு நமக்கு ஆடே வராது என்று மூன்றாமவர் அஞ்சினார். அந்த அச்சத்துக்கும் அடிப்படை இருந்தது. அந்த வில்லை எண்ணுள்ள ஆட்டுக்குப் பணம் கட்டிய பங்குதாரருக்கு என்ன பதில் சொல்வது என்று நான்காமவர் கேட்டார். நான் ஈரத் துண்டை அதன் முகத்தில் போட்டு, தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தொழுகையும் குத்பா உரையும் முடிந்து, மருத்துவர் வந்து சேர்ந்தபோது, எத்தனை மணிக்கு அடிபட்டது, அதற்கு முன் நன்றாக நடந்ததா, ஏதேனும் மருந்து கொடுத்தீர்களா என்று கேட்டார். ஆளுக்கு ஒரு நேரம் சொன்னோம். எழுதி வைத்தவர் யாரும் இல்லை. திறந்த காயத்தோடு எவ்வளவு நேரம் கிடந்தது என்று உறுதியாகத் தெரியாத ஆட்டை மனிதர் உண்ண அனுமதிக்க முடியாது என்று அவர் முடிவெடுத்தார். அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதையே செய்திருப்பேன்.

ஆக, அந்த ஆடு இரண்டரை மணி நேரம் வலியில் கிடந்ததும் வீண், அதன் இறைச்சியும் வீண். அன்று கையில் ஒரு பக்க வழிகாட்டி இருந்திருந்தால் இரண்டும் நேர்ந்திருக்க வேண்டியதில்லை. அந்த ஒரு பக்கத்தைக் கேட்டுத்தான் இந்த மடல்.

உணவுக்காக விலங்கை அறுப்பது அனுமதி பெற்ற இடத்தில்தான் நடக்க வேண்டும் என்பது நம் நாட்டின் அடிப்படை விதி. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. 1999 மார்ச்சில் நிப்பா கிருமி இங்கே வந்தபோது, மலேசியாவிலிருந்து வந்த பன்றிகளைக் கையாண்ட இறைச்சிக்கூடத் தொழிலாளர்களில் பதினொருவர் பாதிக்கப்பட்டார்கள், ஒருவர் இறந்துபோனார். நோயுள்ள விலங்கை நெருங்கிக் கையாள்வது எத்தகைய ஆபத்து என்பதை நாம் கண்டறிந்த ஆண்டு அது. 2024 ஏப்ரலில் இந்தோனேசியாவின் புலாவ் புலான் தீவிலிருந்து வந்த பன்றிகளின் உடல்களில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இருப்பதும் இறைச்சிக்கூடத்தில்தான் தெரியவந்தது. அறுப்பதற்கு முன் ஒரு கண், அறுத்த பின் ஒரு கண் என்ற இந்த இரட்டைக் காவலைத் தளர்த்தும்படி நான் கேட்கவில்லை. விலங்கு இறைச்சிக்கூடத்துக்குப் போக முடியாத நிலையில், அந்த இரண்டு கண்களும் விலங்கு கிடக்கும் இடத்துக்கு எப்படி வரும் என்பதை எழுதி வையுங்கள் என்றே கேட்கிறேன்.

இதை எழுதி வைத்தவர்கள் இருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 853/2004 எண் கொண்ட உணவுச் சுகாதார ஒழுங்குமுறையில், இறைச்சிக்கூடத்துக்கு வெளியே நடக்கும் அவசர அறுப்புக்கென்றே ஒரு தனி அத்தியாயம் உண்டு. அளவில் சிறியது, பொறுமையாகப் படித்தால் பத்து நிமிடம் ஆகாது. ஆனால் ஒவ்வொரு வரியும் ஏதோ ஒரு பண்ணையில் நடந்த தவற்றிலிருந்து வந்திருக்கும் என்று படிக்கும்போதே தோன்றுகிறது. அந்த விலங்கு மற்றபடி நலமாக இருந்து, விபத்தில் அடிபட்டு, அதைத் துன்புறுத்தாமல் இறைச்சிக்கூடத்துக்கு ஏற்றிச் செல்ல முடியாத நிலையில் இருக்க வேண்டும் என்பது முதல் நிபந்தனை. காய்ச்சலில் விழுந்த மாட்டுக்கும், இளைத்து எழ முடியாமல் போன ஆட்டுக்கும் இந்த வாசல் திறக்காது. கால்நடை மருத்துவர் வந்து, உயிரோடு இருக்கும்போதே பார்த்தாக வேண்டும். அறுத்து இரத்தம் வடிந்த உடலைத் தாமதமின்றி, தூய்மையாக இறைச்சிக்கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். இரைப்பையையும் குடலையும் மட்டும் மருத்துவரின் கண்காணிப்பில் அங்கேயே எடுக்கலாம், ஆனால் எடுத்தவற்றை அந்த உடலோடு சேர்த்தே அனுப்ப வேண்டும். தோலுரிப்பது, துண்டுபோடுவது போன்ற வேறு எதையும் அங்கே செய்யக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகுமென்றால் குளிரூட்ட வேண்டும். வளர்த்தவர், விலங்கின் அடையாளத்தையும், கொடுத்த மருந்துகளையும், கொடுத்த நாளையும், அந்த மருந்து உடலிலிருந்து நீங்குவதற்கான காலத்தையும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். மருத்துவர், தாம் பார்த்த நாளையும் நேரத்தையும், அவசரம் என்னவென்பதையும், தாம் செய்த சிகிச்சையையும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அதன் பிறகும், இறைச்சிக்கூடத்தில் உடலைத் திறந்து பார்த்து, தகுதியானது என்று சொன்னால்தான் அது உணவு.

இதில் நேரத்தையும் மருந்தையும் எழுதச் சொல்லும் இரண்டு தாள்களை நான் மிகவும் மதிக்கிறேன். எங்கள் தூணோரத்தில் இல்லாமல் போனவை அவைதாம்.

அவற்றின் அவசியம் எனக்கு வேறொரு நினைவிலிருந்தும் புரிகிறது. என் அத்தா ஜாலான் காயு பக்கம் ஆடு வளர்த்தவர். நான் பள்ளிச் சிறுவனாக இருந்தபோது, மேய்ந்துகொண்டிருந்த கிடா ஒன்றை மண்ணேற்றி வந்த லாரி இடித்துப் போட்டது. அத்தா ஓடினார், கண் இமைக்கிறதா என்று பார்த்தார், பிஸ்மில்லாஹ் சொல்லி அந்த இடத்திலேயே அறுத்தார். யாரையும் கேட்கவில்லை, கேட்க யாரும் இல்லை. வலி ஒரு நிமிடத்தில் முடிந்தது. அன்றிரவு எங்கள் கம்பத்துக் குடியிருப்பில் ஆறேழு வீடுகளில் கறி மணந்தது. அத்தாவின் அந்த விரைவை நான் இன்றும் பெருமையோடு நினைக்கிறேன். ஆனால் அந்தக் கிடாவுக்கு முதல் நாள் காலையில்தான் குடற்புழு மருந்து கொடுத்திருந்தோம். சட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்தான். அது எங்கள் நினைவுக்கே வரவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பது உண்மை. அது நற்பேறு என்பதும் உண்மை.

விழுந்த விலங்கின் இறைச்சியை ஐயத்தோடு பார்ப்பதற்கு மருத்துவக் காரணங்கள் உள்ளன. நீண்ட நேரம் வலியிலும் அச்சத்திலும் கிடக்கும் விலங்கு, தசையில் சேமித்த சர்க்கரையைச் செலவழித்துவிடுகிறது. அதனால் அறுத்த பின் இறைச்சியில் உருவாக வேண்டிய அமிலத்தன்மை உருவாவதில்லை. கருத்த, பிசுபிசுத்த, விரைவில் கெடும் இறைச்சியே கிடைக்கிறது. குடலின் தடுப்பு தளரும்போது கிருமிகள் இரத்தத்தில் கலக்கின்றன. இவற்றுக்கு மேலாக, எழ முடியாமை என்பதே சில நேரங்களில் ஒரு நோயின் அறிகுறி. மாட்டின் மூளையைச் சிதைக்கும் பித்தமாட்டு நோய் ஐரோப்பாவை உலுக்கிய காலத்தில், நல்ல நிலையில் அறுக்கப்படும் மாடுகளுக்கு 30 மாத வயதைக் கடந்தால் பரிசோதனை என்று வைத்தவர்கள், அவசரமாக அறுக்கப்பட்டவற்றுக்கு 24 மாதத்திலேயே பரிசோதனை என்று வைத்தார்கள்.

அமெரிக்கா வேறு பாதையில் போனது. 2003 டிசம்பரில் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு மாட்டுக்குப் பித்தமாட்டு நோய் கண்டறியப்பட்டதும், எழுந்து நடக்க முடியாத மாடுகளை உணவுக்கு எடுப்பதை அங்கே தடுத்தார்கள். ஆனால் முதல் பரிசோதனையில் தேறிய பிறகு காலொடிந்து விழுந்த மாட்டை மருத்துவர் மீண்டும் பார்த்து அனுமதிக்கலாம் என்று ஒரு சிறு வழி விடப்பட்டது. 2008ல் கலிபோர்னியாவின் ஓர் இறைச்சிக்கூடத்தில், விழுந்த மாடுகளை எப்படியாவது எழுப்பி நிறுத்துவதற்காகத் தூக்குவண்டியால் தள்ளியும் மின்கோலால் குத்தியும் கொடுமைப்படுத்தியது படக்காட்சியாக வெளிவந்தது, சுமார் 6.5 கோடி கிலோ மாட்டிறைச்சி திரும்பப் பெறப்பட்டது. மறு ஆண்டே அந்தச் சிறு வழியும் அடைக்கப்பட்டது. இன்று அங்கே விழுந்த மாடு, காரணம் எதுவானாலும், உணவாகாது.

இந்த வரலாற்றைச் சுட்டிக்காட்டி, நாமும் முழுத் தடையே வைத்துக்கொண்டால் என்ன என்று உங்களில் ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். என் பதில் இது: அங்கே தவறு நடந்தது, நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில் மாடுகள் நகரும் வரிசையில், ஒவ்வொரு தலைக்கும் பணம் கணக்கிடும் ஒருவன் முன்னிலையில். இங்கே நாம் பேசுவது, ஆண்டில் ஒரு பெருநாளில், பெயரோடு எழுதப்பட்ட ஆட்டைப் பற்றி. லிம் சூ காங்கில் பாலுக்காக வளர்க்கப்படும் சில ஆடுமாடுகளைப் பற்றி. அறுப்பதற்கு முன் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும் என்ற ஐரோப்பிய நிபந்தனையை அப்படியே வைத்துக்கொண்டால், இந்தச் சிறு எண்ணிக்கையைக் காவல் காப்பது உங்களுக்குப் பெரிய சுமையாக இராது. எனினும், இறைச்சியை மனிதர் உண்ண முழுத் தடை என்று நீங்கள் முடிவு செய்தாலும் நான் ஏற்றுக்கொள்வேன். முடிவு எழுத்தில் இருக்க வேண்டும் என்பதே முதன்மையானது. இறைச்சி எப்படியும் போகப் போகிறது என்று அன்று எங்களுக்கு உறுதியாகத் தெரிந்திருந்தால், அந்த ஆட்டைக் காக்க வைத்திருக்கவே மாட்டோம்.

ஆகவே நீங்கள் எழுதும் பக்கத்தின் தலைப்பகுதியில், வலியை முடிப்பதும் இறைச்சியைக் காப்பதும் தனித்தனி வேலைகள், வலியை முடிப்பதே முந்தியது என்று வரவேண்டும். விலங்குகள், பறவைகள் சட்டம் தேவையற்ற துன்பத்தைக் குற்றமாக்குகிறது. கொடுமைக்கு முதல் முறையே 15,000 வெள்ளி வரை அபராதமும் 18 மாதம் வரை சிறையும் விதிக்க இடம் தருகிறது. அப்படியிருக்க, சட்டத்துக்கு அஞ்சியே ஒரு குழு ஓர் ஆட்டை மணிக்கணக்கில் துன்பத்தில் கிடக்க விடுகிறது என்றால், அவர்களுக்குச் சட்டத்தின் ஒரு பாதிதான் போய்ச் சேர்ந்திருக்கிறது. விலங்குகள் தொடர்பான அழைப்புகளுக்கு உங்களிடம் ஏற்கனவே ஒரு மையம் இருக்கிறது. பெருநாள் காலையிலும், பண்ணைகளுக்கு எந்த நேரத்திலும், அந்த எண்ணில் முடிவெடுக்கும் அதிகாரமுள்ள ஒரு மருத்துவர் கிடைப்பார் என்று உறுதி சொல்லுங்கள். அவர் வரும் வரை என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்பதும் எழுதப்பட வேண்டும்: நேரத்தை எழுதி வைப்பது, புகைப்படம் எடுப்பது, மற்ற ஆடுகளின் கண்ணில் படாமல் மறைப்பது, தண்ணீர் கொடுப்பது ஆகியவை செய்ய வேண்டியவை, இழுப்பது, மீண்டும் லாரியில் ஏற்றுவது, வீட்டிலிருக்கும் வலி மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பது ஆகியவை கூடாதவை. தானாக எழுந்து நிற்கவும் நான்கு கால்களிலும் எடையைத் தாங்கவும் முடியாத விலங்கு பயணத்துக்குத் தகுதியற்றது என்பது உலக விலங்குச் சுகாதார அமைப்பின் நெறிமுறையிலேயே இருக்கிறது.

மருத்துவர்களிடம் ஒரு தனி வேண்டுகோள். மயக்கமருந்தை மிகுதியாக ஊசியில் செலுத்தி உயிரைப் பிரிப்பது உங்கள் வழக்கமான கருவி. அந்த ஊசி போட்ட நொடியில் இறைச்சி பற்றிய கேள்வி முடிந்துபோகிறது. அந்த உடலை மனிதரோ வேறு விலங்கோ உண்ணக் கூடாது, எரித்துத்தான் அழிக்க வேண்டும். இதைப் பள்ளிவாசல் குழுவினர் பலர் அறிய மாட்டார்கள். ஊசியா, முறையான அறுப்பா என்ற தேர்வு இருக்கும் இடத்தில், ஊசியை எடுக்கும் முன் அதை அவர்களுக்கு ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள்.

ஐரோப்பிய விதியை அப்படியே பெயர்த்துக்கொண்டால் இங்கே இரண்டு இடங்களில் இடிக்கும். முதலாவது வெயில். இரண்டு மணி நேரக் கணக்கும், தட்பவெப்பம் இடம் கொடுத்தால் குளிரூட்டத் தேவையில்லை என்ற சலுகையும் குளிர்நாட்டுக்கு உரியவை. நண்பகலில் 32 பாகையைத் தொடும் நம் ஊரில், அசைபோடும் விலங்கின் வயிறு இறந்த சிறிது நேரத்திலேயே உப்பத் தொடங்கிவிடும். இங்கே ஒரு மணி நேரம் என்று வையுங்கள். தீவு சிறியது, அது நடக்கக்கூடியதே. குடலை எடுப்பதையும் மருத்துவர் அருகிலிருந்து உடனே செய்விக்க வேண்டும்.

இரண்டாவது, இன்னும் சிக்கலானது. எந்த இறைச்சிக்கூடத்துக்குக் கொண்டுபோவது? ஜூரோங்கில் உள்ள இறைச்சிக்கூடம் பன்றிகளுக்கானது. ஹலாலாக அறுத்த செம்மறியை அங்கே கொண்டுபோய்ப் பரிசோதிக்கச் சொல்வதில் பொருளே இல்லை. பெருநாள் அன்று அதற்கு விடை எளிது: அறுப்புக்கு அனுமதி பெற்ற பள்ளிவாசல்களில் பரிசோதகர்களும் வடிகாலும் குளிர்வண்டியும் இருக்கும் என்பதால், வழியில் லாரியிலேயே அடிபட்ட ஆட்டையும் அங்கே கொண்டுவந்து பார்க்கலாம். மற்ற நாள்களில், பால் பண்ணையில் ஒரு பசு வழுக்கி இடுப்பொடிந்து விழுந்தால், அதன் உடலைப் பார்க்க நாட்டில் ஓர் இடம் ஒதுக்கப்படுமா, அல்லது அதை எரிப்பதே விதியா என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். எரிப்பதே விதி என்றால் அந்தச் செலவு யாருடையது என்பதும் அதில் வரவேண்டும், ஏனென்றால் சிறு பண்ணைக்காரரின் கை தயங்குவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்துகிறேன். ஐரோப்பாவில் 2021 முதல், நலமான மாடுகளில் மூன்று வரை பண்ணையிலேயே அறுக்க இன்னொரு விதி வழி செய்திருக்கிறது. அது திட்டமிட்ட அறுப்பு. அதை நான் கேட்கவில்லை.

முயிஸ் பெரியோர்களே, உங்களிடம் கேட்பதற்கு எனக்குக் கல்வி போதாது. ஆனால் கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. அவசர அறுப்பு நம் மார்க்கத்துக்குப் புதியதன்று. அல்மாயிதா அத்தியாயத்தின் மூன்றாம் வசனம், நெரிபட்டதையும் அடிபட்டதையும் விழுந்ததையும் முட்டப்பட்டதையும் கொடிய விலங்கு கடித்ததையும் விலக்கிவிட்டு, உயிர் போகும் முன் நீங்கள் அறுத்துக்கொண்டதைத் தவிர என்று விலக்கு அளிக்கிறது. மதீனாவின் சல்உ மலைப்பக்கத்தில் மேய்த்துக்கொண்டிருந்த பணிப்பெண், சாகும் நிலையில் இருந்த ஆட்டைக் கூரிய கல்லால் அறுத்ததையும், அதை உண்ண நபிகள் நாயகம் அனுமதித்ததையும் நாம் எல்லோரும் பயான் சொற்பொழிவில் கேட்டிருக்கிறோம். அந்தப் பெண் யாரையும் தேடி ஓடவில்லை. அறுக்கும்போது விலங்கில் இருக்க வேண்டிய நிலைத்த உயிர் என்பதற்கு இமைப்பும் கால் உதறலும் பீறிடும் இரத்தமும் அடையாளம் என்று சட்ட அறிஞர்கள் நுணுக்கமாக எழுதியிருக்கிறார்கள். எனவே ஹலால் பற்றிய கேள்வியில் ஐயம் குறைவு. தயக்கம் முழுவதும் குர்பானி பற்றியது. வெளிப்படையான முடம் குர்பானிக்குத் தடை. தொழுகைக்கு முன் அறுத்தால் அது குர்பானி ஆகாது. ஆனால் வாங்கி, பெயரிட்டு, ஒப்படைத்த பிறகு, எவருடைய அலட்சியமும் இன்றி முடமான ஆட்டின் நிலை என்ன என்பதில் மத்ஹபுகள் என்னும் மார்க்கச் சட்டப் பிரிவுகளுக்கிடையே பேச்சு உண்டு. இங்கே ஷாஃபிகளும் ஹனஃபிகளும் ஒரே வரிசையில் பங்கு வாங்குகிறோம். முஃப்தியின் அலுவலகம் இதற்கு ஒரே வாக்கியத்தில் விடை தந்து, தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் வெளியிட்டால், தூணோரத்தில் நடக்கும் விவாதம் அத்தோடு நின்றுவிடும்.

அந்த விடையோடு ஒரு நடைமுறை ஏற்பாடும் வேண்டும். ஒவ்வொரு பள்ளிவாசலுக்கும் இத்தனை பங்குக்கு ஒரு மாற்று ஆடு என்று கூடுதலாக வரவழைத்து, அதன் விலையை எல்லாப் பங்கிலும் சில வெள்ளியாகப் பிரித்துச் சேர்த்துவிடலாம். தன் பங்கு பறிபோகாது என்று தெரிந்த எந்தப் பங்குதாரரும் முடமான ஆட்டைத் தொழுகை முடியும் வரை கிடத்தி வைக்கச் சொல்ல மாட்டார். அன்று நாங்கள் தொலைபேசியில் அழைத்தபோது, அந்த எண்ணுக்குரிய முதியவர் சொன்னது இதுதான்: "தம்பி, என் பங்கு போனாப் போகட்டும், முதல்ல அதோட வேதனைய முடிங்க." அவர் சொல்லியும் எங்களுக்குத் துணிவு வரவில்லை.

ஏற்றுமதி செய்யும் நாட்டுக்கும் இது பதில் சொல்லும். 2011ல் இந்தோனேசிய இறைச்சிக்கூடங்களின் காட்சிகள் ஆஸ்திரேலியத் தொலைக்காட்சியில் வெளிவந்த பிறகு அந்நாடு வகுத்த ஏற்பாட்டின்படி, அறுப்புக்காக அங்கிருந்து கிளம்பும் ஒவ்வொரு விலங்கும் அறுபடும் வரை கண்காணிப்பில் இருக்க வேண்டும். நம் பள்ளிவாசல்களும் அதற்கு உட்பட்டே செயல்பட்டன. கடல் வழியாக உயிருள்ள செம்மறிகளை ஏற்றுமதி செய்வதை 2028 மே 1 முதல் அறவே நிறுத்த அவர்கள் 2024ல் சட்டம் இயற்றியிருக்கிறார்கள். இனி எந்த வழியில், எந்த நாட்டிலிருந்து, எத்தனை ஆடுகள் இங்கே உயிரோடு வந்தாலும், விழுந்த ஆட்டை என்ன செய்வீர்கள் என்பது அனுப்பும் நாட்டார் கேட்கும் முதல் கேள்விகளுள் ஒன்றாக இருக்கும். அப்போது நீட்டுவதற்கு நம்மிடம் ஒரு தாள் இருக்கட்டும்.

காலமும் கூடி வந்திருக்கிறது. எட்டுச் சட்டங்களில் சிதறிக் கிடந்த உணவு விதிகளை ஒன்றாக்கி 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2028க்குள் படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது. அதன் கீழ் துணை விதிகளை வகுக்கும் இந்த ஆண்டுகளில் இதற்கு ஒரு பத்தி ஒதுக்குவது எளிது. வகுத்து முடித்த பிறகு சேர்ப்பது கடினம்.

தொண்டூழியர்களுக்கான பயிற்சி நாளில், அந்தப் பக்கத்தின் வரைவை எங்களிடம் கொடுத்துப் பாருங்கள். விடியற்காலை ஆறு மணி, அரை இருள், கையில் கயிறு, காலடியில் ஓர் ஆடு என்ற நிலையில் அதைப் படித்தால் அடுத்த ஐந்து நிமிடத்தில் யாரை அழைப்பது, எதை எழுதுவது, யார் கத்தியை எடுப்பது என்று புரிகிறதா என்பதை எங்களால் சொல்ல முடியும். புரியாத வரியைக் கோடிட்டுத் திருப்பித் தருகிறோம். சாய்பலகையின் இடுக்கை மூடும் ரப்பர் விரிப்பை நாங்களே வாங்கிவிட்டோம். அதற்கு எவருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. மீதி உங்கள் கையெழுத்துக்குக் காத்திருக்கிறது.

இப்படிக்கு,
பள்ளிவாசல் குர்பானிப் பணியில் பத்தொன்பது ஆண்டு நின்ற ஒரு தொண்டூழியன்